பழைய வெளிப்பொருத்து மோட்டாரில் ஆற்றல் குறைவும் அதிவெப்பமும்

வெளிப்பொருத்து மோட்டார் (அவுட்போர்டு மோட்டார்) என்பது படகின் பின்பலகைக்கு வெளியே திருகுப்பிடிகளால் மாட்டப்படும் இயந்திரம் ஆகும். என்ஜின், தண்டு, கியர் பெட்டி, புரொப்பெல்லர் ஆகிய நான்கும் இதில் ஒரே தொகுதியாக அமைந்திருக்கும். தமிழ்நாட்டுக் கடலோர ஃபைபர் படகுகளிலும், பேரிடர் மீட்புப் படைகளின் காற்றடைத்த ரப்பர் படகுகளிலும் இது பயன்படுகிறது. பழைய மோட்டார்களில் அதிகம் காணப்படும் இரண்டு கோளாறுகள், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆற்றல் குறைவதும், என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாவதும் ஆகும். இவை இரண்டும் பல வேளைகளில் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. அந்தக் காரணம் பெரும்பாலும் மோட்டார் ஓடிய காலத்தில் அல்ல, ஓடாமல் கிடந்த காலத்தில் உருவானதாக இருக்கும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த உண்மைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் மோட்டார் படகு அன்றாடப் பொருள் அல்ல. ஆண்டின் பெரும்பகுதி அதற்கு வேலையே இல்லை. வடகிழக்குப் பருவமழையில் தெருவில் வெள்ளம் ஏறும் ஓரிரு நாள்களில் மட்டும் அது உடனே கிளம்பியாக வேண்டும்.

மேற்குப் புறநகரும் மோட்டார் படகும்

இப்பகுதி ஏரிகளின் நிலம். பூந்தமல்லிக்கு அருகே 24 அடி முழு ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரி உள்ளது. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகள் அம்பத்தூர்-ஆவடி வட்டாரத்தில் உள்ளன. கூவம் ஆறு திருவேற்காடு, மதுரவாயல் வழியாக நகருக்குள் செல்கிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. அப்போது கடலோர மீனவர்கள் தம் ஃபைபர் படகுகளை நகரத்துத் தெருக்களுக்குக் கொண்டுவந்து மக்களை மீட்டனர். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளிலும் வெள்ளம் சூழ்ந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன், ஆவடி வழியாகச் செல்லும் அதே ரயில் பாதையில் உள்ள அரக்கோணத்தில் இயங்குகிறது.

கடலில் ஓட வடிவமைக்கப்பட்ட மோட்டாருக்குத் தெரு வெள்ளம் பழக்கமில்லாத இடம். கடலில் ஆழம் உண்டு, நீர் ஒப்பீட்டளவில் தெளிவாக இருக்கும். தெருவிலோ பிளாஸ்டிக் பைகள், துணி, ஆகாயத்தாமரை, வண்டல் மண் அனைத்தும் கலந்திருக்கும். சாலை நடுத்தடுப்பும் வேகத்தடையும் நீருக்கடியில் மறைந்திருக்கும். படகில் ஆள் பாரமும் கூடுதலாக இருக்கும். ஏற்கெனவே பலவீனமாக இருந்த பாகம் இந்த நிலைமையில்தான் முதலில் கைவிடும்.

குளிர்விப்பு எப்படி நடக்கிறது

கார் என்ஜினில் ரேடியேட்டரும், அதனுள் சுற்றி வரும் குளிர்விப்பு நீரும் உண்டு. வெளிப்பொருத்து மோட்டாரில் ரேடியேட்டர் இல்லை. படகு மிதக்கும் நீரையே அது உறிஞ்சி, என்ஜினைச் சுற்றி ஓட்டி, மீண்டும் வெளியே விட்டுவிடுகிறது.

நீரின் பாதை கீழிருந்து மேலாக அமைந்தது. கியர் பெட்டியின் பக்கத்தில் சல்லடை போன்ற உறிஞ்சுவாய் இருக்கும். அதற்கு மேல், நின்ற தண்டில் மாட்டிய ரப்பர் இம்பெல்லர் சுழன்று நீரை இழுக்கும். நீர் ஒரு நீண்ட குழாய் வழியாக மேலேறி, சிலிண்டரைச் சுற்றியுள்ள அறைகளில் பாய்ந்து, தெர்மோஸ்டாட் வழியாக இறங்கி, புகையோடு சேர்ந்து வெளியேறும். இதில் ஒரு சிறு பங்கு மட்டும் என்ஜின் மூடிக்குக் கீழே உள்ள துளை வழியாக மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். பம்பு வேலை செய்கிறது என்று ஓட்டுபவருக்குக் காட்டும் அடையாளம் இந்தத் தாரைதான்.

தெர்மோஸ்டாட் பல மாடல்களில் ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் திறக்கும். இது கார் என்ஜினுக்குரிய அளவைவிடக் குறைவு. கடல்நீர் அதிகம் சூடானால் உட்சுவரில் உப்பும் சுண்ணாம்பும் படியும் என்பதால் இந்த அளவு வைக்கப்பட்டுள்ளது. எனவே காருக்கு இயல்பான சூடு இந்த மோட்டாருக்கு ஆபத்தான சூடு.

சூடும் ஆற்றலும் ஒன்றோடொன்று

என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் பிஸ்டன் விரிகிறது, எண்ணெய்ப் படலம் மெலிகிறது, உராய்வு கூடுகிறது. கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிறது. இவற்றால் த்ராட்டில் மாறாமலே வேகம் சோர்ந்துகொண்டே வரும். சற்றுப் பெரிய மோட்டார்கள் சிலவற்றில் வெப்ப உணரி இருக்கும். சூடு எல்லையைக் கடந்ததும் அது ஒலி எழுப்பி, சுழற்சியைத் தானாகவே குறைத்துவிடும். ஓட்டுபவருக்கு அது கோளாறாகத் தோன்றினாலும், உண்மையில் அது என்ஜினைக் காக்கும் ஏற்பாடு. பழைய சிறு மோட்டார்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. அவற்றில் சோர்வே முதல் எச்சரிக்கை. அதைப் புறக்கணித்து த்ராட்டிலைத் திருகினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை 'சீஸ்' ஆகிவிட்டது என்பர்.

முதல் கேள்வி: சுழற்சி கூடியதா, குறைந்ததா?

படகு வேகம் இழந்ததும் உடனே கார்புரேட்டரைப் பிரிப்பது பலரும் செய்யும் தவறு. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படகு மெதுவானபோது என்ஜின் சத்தம் உயர்ந்ததா, தாழ்ந்ததா?

சத்தம் உயர்ந்து, அதாவது என்ஜின் வேகமாகச் சுற்றியும் படகு நகராவிட்டால், என்ஜினில் குறை இல்லை. அதன் சக்தி நீரைச் சென்றடையவில்லை என்பதே பொருள். புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கியிருக்கலாம். சிறு மோட்டாரானால் கல்லில் மோதியதால் ஷியர் பின் உடைந்திருக்கலாம். மோட்டார் உயரமாக மாட்டப்பட்டு புரொப்பெல்லர் காற்றை இழுக்கலாம். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டை உலோகத் தகடு, படகின் அடிமட்டத்துக்கு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். 20 அங்குலப் பின்பலகையில் 15 அங்குலத் தண்டு கொண்ட மோட்டாரை மாட்டினால் இந்தச் சிக்கல் வரும். உறிஞ்சுவாயும் நீருக்கு வெளியே தலைகாட்டுவதால் அதே தவறு அதிவெப்பத்தையும் உண்டாக்கும்.

சத்தம் தாழ்ந்து, என்ஜின் திணறினால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. என்ஜின் போதிய சக்தியை உற்பத்தி செய்யாமல் இருக்கலாம், அல்லது ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கலாம். புரொப்பெல்லரில் சுற்றிய நைலான் கயிறும் ஆகாயத்தாமரை வேரும் அளவுக்கு மீறிய பாரமும் இரண்டாம் வகை. இவற்றை முதலில் விலக்கிவிட்டே என்ஜினுக்குள் போக வேண்டும்.

சூடாதல்: நீர்ப்பாதையைக் கீழிருந்து மேலாகப் பார்த்தல்

தாரை நின்றுவிட்டாலோ, நூலாக மெலிந்தாலோ, ஆவியாக வந்தாலோ என்ஜினை உடனே நிறுத்த வேண்டும். அதன் பின் நீர் போகும் வரிசையிலேயே சோதனையும் போக வேண்டும்.

முதலில் உறிஞ்சுவாய். மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிப் பார்த்தால் பிளாஸ்டிக் பை ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். தெரு வெள்ளத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதுவே. பையை எடுத்துவிட்டு, என்ஜின் ஆறும்வரை காத்திருந்தால் போதும். சூடான என்ஜின் மீது குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. அலுமினிய வார்ப்பு கோணலாகி சிலிண்டர் தலை கேஸ்கெட் கசியும் அபாயம் உண்டு.

இரண்டாவது, தாரை வரும் துளை. தாரை இல்லை என்பதாலேயே பம்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. பல மாதம் கொட்டகையில் கிடந்த மோட்டாரில் குளவி மண்கூடு கட்டித் துளையை அடைத்திருக்கும். கெட்டியான தூண்டில் நரம்பு ஒன்றைத் துளைக்குள் விட்டுக் குத்தினால் அடைப்பு விலகும். கம்பியால் குத்தினால் உள்ளே உள்ள ரப்பர் குழாய் கிழியலாம்.

மூன்றாவது, இம்பெல்லர். நீண்ட நாள் சுற்றாமல் இருந்தால், வீட்டுக்குள் ஒரு பக்கமாக மடங்கியிருக்கும் அதன் ரப்பர் இதழ்கள் அப்படியே வளைந்து இறுகிவிடும். நீர் இல்லாமல் என்ஜினைக் கிளப்பிப் பார்ப்பது இன்னும் மோசம். உயவாக இருக்கும் நீர் இல்லாததால் ஒரு நிமிடத்திற்குள்ளேயே இதழ்கள் கருகத் தொடங்கும். வண்டல் கலந்த நீரில் ஓடிய பம்பில் இதழ் முனைகளும், அவை உரசும் உலோகக் கிண்ணமும் தேய்ந்திருக்கும். இம்பெல்லரை மட்டும் மாற்றி, கோடு விழுந்த கிண்ணத்தை விட்டுவைத்தால் அழுத்தம் திரும்பாது.

இம்பெல்லரைப் பார்க்கக் கியர் பெட்டியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கழற்றி வைப்பது கட்டாயம். கையால் தண்டைச் சுற்றும்போது என்ஜின் கிளம்பிவிடாமல் இருக்க இதுவே பாதுகாப்பு. பல மாடல்களில் கியர் இணைப்புக் கம்பியையும் பிரிக்க வேண்டியிருக்கும். பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே குழாயிலோ சிலிண்டர் அறையிலோ சிக்கியிருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புதியதைப் போட்டால் கோளாறு தொடரும். புதியதை மாட்டும்போது சோப்பு நீர் தடவி, தண்டு சுற்றும் திசையிலேயே திருப்பி உள்ளே செலுத்த வேண்டும்.

1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள லேத் பட்டறைகளும் பாகங்களைச் செய்து வாங்குவதை எளிதாக்குகின்றன. ஆனால் எல்லாப் பாகத்துக்கும் இது பொருந்தாது. புஷ், ஸ்பேசர் போன்றவற்றைச் சரியான அளவில் கடைந்து வாங்கலாம். இம்பெல்லரின் ரப்பர் வகையும் இதழ்களின் கடினமும் தயாரிப்பாளரால் கணக்கிடப்பட்டவை. ஷியர் பின்னும் அப்படியே. அது உடைவதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது. கடினமான எஃகுக் கம்பியை அந்த இடத்தில் செருகினால், அடுத்த மோதலில் பின்னுக்குப் பதில் கியரின் பல் உடையும்.

நான்காவது, தெர்மோஸ்டாட். தாரை நன்றாக, குளிர்ச்சியாக வந்தும் சிலிண்டர் தலை கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். அதைக் கழற்றி, வால்வின் இடுக்கில் ஒரு நூலை மாட்டித் தொங்கவிட்டு, தெர்மோமீட்டர் வைத்த பாத்திர நீரில் சூடாக்க வேண்டும். திறக்கும் வெப்பம் வந்ததும் வால்வு விரிந்து நூலிலிருந்து கழன்று விழும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். சிலர் தெர்மோஸ்டாட்டையே எடுத்து எறிந்துவிடுவர். அப்போது என்ஜின் தேவையான சூட்டை எட்டாமல், எரிபொருள் சரியாக எரியாமல், பிளக் கரிபிடிக்கும். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் மீனவர் மோட்டார்களில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். மண்ணெண்ணெய் ஆவியாக அதிகச் சூடு தேவை.

ஐந்தாவது, உட்பாதை. கடலில் ஓடிய மோட்டாரை நன்னீரில் ஓட்டிக் கழுவாமல் வைத்தால் சிலிண்டரைச் சுற்றிய அறைகளில் உப்பு இறுகும். சிலிண்டர் தலையைத் திறந்துதான் இதைச் சரிசெய்ய முடியும். கேஸ்கெட் கசிவும் அப்போதே தெரியவரும்.

சூட்டை அளக்க, தொழிற்கூடங்களில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானி உதவும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்குப் பயன்படாது. அது உடல் வெப்ப அளவுக்கு மட்டுமே உரியது. கருவி இல்லாதபோது சிலிண்டர் தலையில் சில துளி நீரைத் தெளித்துப் பார்க்கலாம். துளி சுர்ரென்று பொங்கி ஆவியானால் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிட்டது.

ஆற்றல் குறைவு: எரிபொருள், பொறி, அழுத்தம்

நீர்ப்பாதை சரியாக இருந்தும் என்ஜின் சோர்ந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது எரிபொருள். எளிதானதிலிருந்து தொடங்க வேண்டும். டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளைத் திருகு திறந்திருக்கிறதா என்பது முதல் சோதனை. அது மூடியிருந்தால் மோட்டார் சில நிமிடம் நன்றாக ஓடி, டேங்கினுள் வெற்றிடம் உருவானதும் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் காரணம் அதுதான். அடுத்தது குழாயின் நடுவிலுள்ள பிரைமர் பல்பு. அமுக்கினால் இறுகி நிற்க வேண்டும். ஓடும்போது அது சப்பையானால் டேங்க் பக்கம் அடைப்பு. திணறும் நேரத்தில் அதை அமுக்கியதும் என்ஜின் உயிர்பெற்றால் எரிபொருள் பம்பு பலவீனமாகியிருக்கிறது.

பெட்ரோலின் தன்மையும் மாறியுள்ளது. இந்தியாவில் 2022-இல் 10 விழுக்காடாக இருந்த எத்தனால் கலப்பு, 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 பெட்ரோலில் 20 விழுக்காடானது. 2025-க்குள் அது நாடெங்கும் பரவியது. எத்தனால் நீரை ஈர்க்கும். அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் அடியிலிருந்துதான் குழாய் உறிஞ்சும் என்பதால் என்ஜினுக்கு முதலில் போவது அந்த அடிப்படிவே. பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் உதரவிதானமும் எத்தனாலில் ஊறி இளகும். டேங்கின் அடியிலிருந்தும் கார்புரேட்டர் கிண்ணத்திலிருந்தும் சிறிது எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால், இரண்டு அடுக்காகப் பிரிந்திருப்பது தெரியும். அந்த எரிபொருளைப் பயன்படுத்தக் கூடாது.

இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் எண்ணெய்க் கலப்பு உயிர்நாடி. 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர். 25-க்கு 1 என்றால் 40 மில்லி லிட்டர். எது பொருந்தும் என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் உராய்வுச் சூடு கூடும், மிகுந்தால் பிளக் கரிபிடிக்கும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் இருசக்கர வாகன 2டி எண்ணெய் காற்றால் குளிரும் என்ஜினுக்கானது. நீரால் குளிரும் படகு மோட்டாருக்கு டி.சி-டபிள்யூ3 எனக் குறிக்கப்பட்ட எண்ணெய் வேண்டும்.

கார்புரேட்டர் ஜெட்டில் வார்னிஷ் போன்ற படிவு சேர்ந்தால் எரிபொருள் குறைந்து காற்று மிகும். இந்த நிலையிலும் என்ஜின் சூடாகும். ஆனால் தாரை நன்றாகவே வரும். நீர்ப்பாதையை மட்டுமே சந்தேகிப்பவர் இதைத் தவறவிடுவார். இத்தகைய மோட்டாரின் பிளக் முனை வெளுத்திருக்கும். சரியாக எரியும் என்ஜினின் பிளக் வெளிர்பழுப்பாகவும், எண்ணெய் மிகுந்ததன் பிளக் ஈரமாகக் கறுத்தும் காணப்படும். இரு சிலிண்டர் மோட்டாரில் ஒரு பிளக் மட்டும் ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை.

பொறி வருகிறதா என்று பார்க்கும்போது பிளக் ஒயரை அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. என்ஜின் உடலோடு தொடும்படி வைக்க வேண்டும். இல்லையேல் மின்னணுப் பற்றவைப்புப் பெட்டி கெடலாம். சுற்றிலும் பெட்ரோல் ஆவி இருக்கக் கூடாது. இறுதியில் அழுத்தச் சோதனை. பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களில் தனி எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். ஒன்று மற்றதைவிட 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. அதன்பின் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயன் இல்லை.

ஆறினால் ஓடும் மோட்டார்

பத்து நிமிடம் ஓடி நின்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் கிளம்பும் மோட்டார் மெக்கானிக்கையும் குழப்பும். இதற்கு மூன்று காரணங்கள் பொதுவானவை. அவற்றைப் பிரித்தறிவது நின்ற அந்தக் கணத்தில்தான் முடியும்.

- டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போய், உடனே கிளம்பினால் காற்றுத் துளை அடைப்பு.
- சிலிண்டர் தலை கொதித்து, ஆறிய பிறகே கிளம்பினால் குளிர்விப்புக் கோளாறு.
- தலை இயல்பான சூட்டில் இருந்தும் பிளக்கில் பொறி இல்லாமல், ஆறியதும் பொறி திரும்பினால் பற்றவைப்புச் சுருள் பழுது. சூட்டில் உள்ளே உள்ள மெல்லிய கம்பி விலகி, ஆறியதும் மீண்டும் சேரும்.

பட்டறைக்கு எடுத்துச் செல்வதற்குள் மோட்டார் ஆறிவிடும். அங்கே அது குறையின்றி ஓடும். ஆகவே நின்றபோது என்ன தெரிந்தது என்பதைப் படகில் இருந்தவர் கவனித்துச் சொல்வது, பட்டறையில் செய்யும் பாதி வேலைக்குச் சமம்.

தெரு வெள்ளத்தில் ஓட்டும்போது

உறிஞ்சுவாய் அடிமண்ணைத் தொடாத ஆழம் இருந்தால் மட்டுமே மோட்டாரை ஓட்ட வேண்டும். நீர் இடுப்பளவுக்கும் கீழே இறங்கினால் மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்பாலோ கயிற்றாலோ படகை நகர்த்துவது மேல். படகில் ஒருவர் தாரையைக் கவனித்துக்கொண்டே வர வேண்டும். ஆள்கள் நீரிலிருந்து ஏறும்போது கியரை நடுநிலையில் வைப்பது போதாது, என்ஜினையே நிறுத்த வேண்டும். சுழலும் புரொப்பெல்லர் கலங்கிய நீரில் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டுபவரின் கையிலோ இடுப்பிலோ மாட்டும் பாதுகாப்புக் கயிறு கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். அவர் தடுமாறி விழுந்தால் அது கழன்று என்ஜின் நிற்கும்.

வேலை முடிந்த அன்றே மோட்டாரைச் சுத்தமான நீரில் சுமார் 10 நிமிடம் ஓட்டி, உள்ளே சேர்ந்த மண்ணை வெளியேற்ற வேண்டும். மறுநாள் வரை விட்டால் வண்டல் உலர்ந்து இறுகிவிடும்.

பருவமழைக்கு முந்தைய ஆயத்தம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் செப்டம்பருக்குள் மோட்டாரைச் சோதித்து முடிப்பது முறை. மழை ஓய்ந்து வைக்கும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்ய வேண்டும். மோட்டாரை நின்ற நிலையில் வைத்தால் உள்ளே நீர் தங்காது. கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்து, பாலாக வெளுத்திருந்தால் சீல் கசிகிறது என்று கொள்ள வேண்டும். இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மோட்டார் குறைவாக ஓடியது என்பது மாற்றாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. கிடப்பிலேயே அது கெடுகிறது.

சோதனைக்கு 200 லிட்டர் ட்ரம் போதும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, உறிஞ்சுவாய்க்கு மேல் நீர் நிற்கும்படி நிரப்பி, திறந்த வெளியில் ஓட்ட வேண்டும். மூடிய கொட்டகையில் ஓட்டினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்து. இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் எரியாத எண்ணெயை நீரில் விடும் என்பதால், செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகளைச் சோதனைக் களமாக்குவது தகாது.

ட்ரம் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மோட்டார் கிளம்புகிறது, தாரை வருகிறது, பொறி உண்டு என்பதை அது காட்டும். பாரத்தோடு ஓடும்போது எப்படி இருக்கும் என்பதைக் காட்டாது. ரப்பர் புஷ் வழுக்குவதும், எரிபொருள் பம்பு பின்தங்குவதும், சுருள் சூட்டில் விலகுவதும் பாரத்தில்தான் தெரியும். ஆகவே அனுமதி உள்ள நீர்நிலையில், ஆள்களை ஏற்றிய படகில், அரை மணி நேரமாவது முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்த மோட்டாரையே மழை நாளுக்குத் தயார் என்று கொள்ளலாம்.